ஃப்ளோரில் நிற்பவர்கள்

அகராதியில் ‘ஃப்ளோர்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால் தரை, தளம், மாடி என்று மூன்று பொருள் கிடைக்கும். மூன்றும் சரிதான். ஆனால் இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாள் ஆங்கில நாளிதழைப் படித்து முடிக்க முடியாது. அரசியல் பக்கத்தில் ஃப்ளோர் டெஸ்ட், வணிகப் பக்கத்தில் ஃப்ளோர் பிரைஸ், சினிமாப் பக்கத்தில் ஃப்ளோருக்குப் போகும் படம், தொழிலாளர் செய்தியில் ஃப்ளோர் வேஜ். நாலு பக்கத்தில் நாலு வேலை பார்க்கிறது இந்தச் சொல்.

மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு என்பதால் இதோடு எனக்குத் தினசரிப் பழக்கம். கதவு, சன்னல், சுவர், கூரை என்று கட்டடத்தின் எல்லா உறுப்புகளையும் ஆங்கிலேயர்கள் பேச்சுக்குள் இழுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஃப்ளோருக்கு மட்டும் ஒரு தனிக்குணம் உண்டு. அந்தச் சொல் வரும் இடத்தில் பெரும்பாலும் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருப்பார். நின்று பேசுவார், நின்று உழைப்பார், அல்லது அடிவாங்கி விழுவார். அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பொருள் பிடிபட்டுவிடும். ‘தரை’ என்று எழுதியதும் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார். எனக்கு இந்தச் சொல்மேல் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் அதுதான்.

மாடிக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். லண்டனில் தெருவை ஒட்டி இருப்பது கிரவுண்ட் ஃப்ளோர். படியேறினால் ஃபர்ஸ்ட் ஃப்ளோர். நியூயார்க்கில் தெருவை ஒட்டி இருப்பதே ஃபர்ஸ்ட் ஃப்ளோர். நாம் லண்டன் வழி. ஏறினால்தான் முதல் மாடி. அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகும் பெற்றோர் லிஃப்டில் தடுமாறுவது இதனால்தான். இதிலிருந்து பிறந்த ஒரு வழக்கு, ‘கிரவுண்ட் ஃப்ளோரிலேயே உள்ளே போவது’. ஒரு தொழில் தொடங்கும்போதே, விலை ஏறுவதற்கு முன்பே, பங்கு வாங்கிக்கொள்வது என்று அர்த்தம்.

இனி சட்டமன்றம். இங்கேதான் இந்தச் சொல் முழு உயரத்துக்கு நிமிர்கிறது.

இங்கிலாந்தின் காமன்ஸ் சபை 16-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1834 தீ விபத்துவரை கூடியது வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் புனித ஸ்டீஃபன் தேவாலயத்தில். தேவாலயப் பாடகர்களுக்கான இருக்கைகள் இரண்டு வரிசையாக, எதிரும் புதிருமாக இருந்தன. உறுப்பினர்கள் அதில் அப்படியே உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் எதிர்க்கட்சி, நடுவில் வெறும் தரை. இப்போதைய அவையிலும் அந்த அமைப்பு மாறவில்லை. கம்பளத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள் நெய்திருக்கிறார்கள். பேசும்போது உறுப்பினர் தன் பக்கத்துக் கோட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு வாள் நீளத்துக்கு இடைவெளி விட்டிருக்கிறது என்று அங்கே வழிவழியாகச் சொல்வார்கள்.

‘கட்சி தாவுவது’ என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் ‘ஃப்ளோரைக் கடப்பது’ என்கிறார்களே, அது இந்த நடுத்தரையை வைத்துத்தான். கட்சி மாறுகிறவர் உண்மையாகவே, எல்லோரும் பார்க்க, எதிர்ப்பக்கம் போய் அமர்வார். வின்ஸ்டன் சர்ச்சில் 1904 மே 31 அன்று அதைச் செய்தார். அவைக்குள் வந்து, சபாநாயகருக்கு வணக்கம் வைத்துவிட்டு, கன்சர்வேட்டிவ் பக்கம் போகாமல் லிபரல் வரிசையில் லாயிட் ஜார்ஜுக்குப் பக்கத்தில் போய் அமர்ந்தார். இருபது ஆண்டுகள் கழித்துப் பழைய கட்சிக்கே திரும்பியும் வந்தார். ‘தாவல்’ என்பதில் ஒரு குரங்குச் சேட்டை இருக்கிறது. நம் பேச்சில் வசை முதலிலேயே சேர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இருப்பது ஒரு நடை மட்டும். நல்லதா கெட்டதா என்பதைக் கேட்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தியாவுக்கு வந்தபோது இந்த வழக்கின் நடை ஓட்டமாகிவிட்டது. 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். 1985-ல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் கட்சித் தாவல் தடைச் சட்டம் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையாகச் சேர்ந்தது. அன்றிலிருந்து இங்கே ஃப்ளோரைக் கடந்தால் பதவியே போகக்கூடும்.

ஃப்ளோர் டெஸ்ட் என்பதும் நம் மண்ணில் வேரூன்றிய வழக்கு. பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதை ஆளுநர் தன் மாளிகையில் உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடாது, அவையில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எஸ்.ஆர். பொம்மை வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. கர்நாடக முதல்வராக இருந்த பொம்மை, அவையில் பெரும்பான்மையை நிரூபிக்க வாய்ப்புக் கிடைக்காமலேயே 1989-ல் ஆட்சியை இழந்தவர். தமிழ்நாட்டில் புதிய முதல்வர் பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டியிருந்த 2017 பிப்ரவரி நமக்கு நினைவிருக்கிறது. உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் இருந்தார்கள், ஆதரவுக் கடிதங்கள் ஆளுநர் மாளிகைக்குப் போயின, தொலைக்காட்சிகள் தினமும் எண்ணிக் காட்டின. ஆனால் 18-ஆம் தேதி அவையில் எண்ணியபோது வந்த 122-க்கு 11 என்பதுதான் கணக்கில் ஏறியது. ‘நம்பிக்கை வாக்கெடுப்பு’ என்ற நம் சொல் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறது. ‘ஃப்ளோர் டெஸ்ட்’ எங்கே நடக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. பொம்மை தீர்ப்பின் சாரமே அந்த ‘எங்கே’யில்தான் இருக்கிறது.

பேசும் உரிமைக்கும் ஃப்ளோர் என்றுதான் பெயர். ஐ.நா. கூட்டங்களில் தலைவர் ‘இந்தியப் பிரதிநிதிக்கு ஃப்ளோரைத் தருகிறேன்’ என்பார். பேச அழைக்கிறார், அவ்வளவுதான். கருத்தரங்கில் பேச்சு முடிந்ததும் ‘ஃப்ளோர் இஸ் ஓப்பன்’ என்றால் அவையோர் கேள்வி கேட்கலாம். ‘ஃப்ளோரிலிருந்து ஒரு கேள்வி’ என்றால் மேடையில் இல்லாத ஒருவர் கேட்கிறார். மேடையில் இருப்பவருக்கு மைக் இருக்கும், கீழே இருப்பவருக்கு ஃப்ளோர் இருக்கும் என்று நான் என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

அமெரிக்க செனட்டில் இது உடம்புக்கே வந்துவிடுகிறது. அங்கே ஓர் உறுப்பினர் ஃப்ளோரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்றால் நின்றுகொண்டே, விடாமல் பேச வேண்டும். உட்காரக் கூடாது, அவையை விட்டு வெளியேறக் கூடாது, கழிப்பறைக்கும் போகக் கூடாது. போனால் ஃப்ளோர் போயிற்று. இடையில் யாராவது கேள்வி கேட்டால் மட்டும் கொஞ்சம் வாய்க்கு ஓய்வு; காலுக்கு அதுவும் இல்லை. 1957-ல் ஸ்ட்ராம் தர்மண்ட் குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறக் கூடாது என்று 24 மணி 18 நிமிடம் அப்படி நின்றார். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்குப் பாதுகாப்புத் தரவந்த சட்டம் அது. அந்தச் சாதனை 67 ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. 2025 மார்ச் 31 மாலை பேசத் தொடங்கி, 25 மணி 5 நிமிடம் நின்று அதை முறியடித்தவர் கோரி புக்கர், ஒரு கறுப்பின செனட்டர். ‘ஃப்ளோரை வைத்திருந்தார்’ என்ற வழக்குக்கு இதைவிடக் கண்கூடான பொருள் கிடையாது.

நம் கோடம்பாக்கத்துக்கு வருவோம். இங்கே ஃப்ளோர் என்றால் ஸ்டுடியோவில் செட் போடும் பெரிய கொட்டகை. ஏவிஎம், வாஹினி, ஜெமினி, பிரசாத் என்று எந்த ஸ்டுடியோவின் பழைய ஆட்களைக் கேட்டாலும், எந்தப் பாட்டு எத்தனையாவது ஃப்ளோரில் எடுத்தது என்று சொல்வார்கள். அமெரிக்கர்கள் இதை ஸ்டேஜ் என்பார்கள். ஃப்ளோர் என்பது பிரிட்டிஷ் ஸ்டுடியோ வழக்கு. லைட்மேன், டிராலி தள்ளுகிறவர், மேக்கப்காரர் எல்லோரும் கூடி வேலை பார்க்கும் இடம் என்பதால், ஒரு படம் பேச்சாகவும் கதை விவாதமாகவும் இருந்த கட்டத்தைத் தாண்டி, படப்பிடிப்பு தொடங்கியதும் ‘ஃப்ளோருக்குப் போயிருச்சு’ என்றார்கள். 1977-ல் பாரதிராஜா ‘16 வயதினிலே’ படத்தை ஸ்டுடியோவுக்குள் முடக்காமல் கிராமத்தில் எடுத்த பிறகு தமிழ் சினிமா மெல்ல மெல்ல வெளியே இறங்கியது. ஆனாலும் இன்று பொள்ளாச்சித் தோப்பில் முதல் ஷாட் வைத்தாலும் படம் ‘ஃப்ளோருக்கு’த்தான் போகிறது. கொட்டகை போய்விட்டது, சொல் நின்றுவிட்டது.

அதே சினிமாவில் தரைக்கும் ஒரு பெருமை உண்டு. டூரிங் டாக்கீஸில் திரைக்கு முன்னால் மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களுக்குத் தரை டிக்கெட். விலையில் கடைசி, விசிலில் முதல். ஒரு படம் ஓடுமா ஓடாதா என்பதை அவர்கள்தான் முதலில் சொல்வார்கள்.

இப்போது, நின்றே உழைக்கிறவர்கள். ‘ஷாப் ஃப்ளோர்’ என்பதைக் கடைத் தளம் என்று மொழிபெயர்த்திருப்பதை நிறையப் பார்க்கிறேன். இங்கே ஷாப் என்பது ஒர்க் ஷாப், அதாவது பட்டறை. இயந்திரம் ஓடும் இடம், அங்கே வேலை பார்க்கும் ஆட்கள், இரண்டும் சேர்ந்ததுதான் ஷாப் ஃப்ளோர். ‘ஷாப் ஃப்ளோரில் அதிருப்தி’ என்று ஆங்கிலப் பத்திரிகை எழுதினால் தொழிலாளர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்று பொருள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இந்தச் சொல் தமிழாகவே ஆகிவிட்டது. கட்டிங்கிலிருந்து பீஸ் வந்து, ஓவர்லாக்கிலும் ஃப்ளாட்லாக்கிலும் தைத்து, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று நகரும். இத்தனையையும் பார்க்க ஒரு ஃப்ளோர் இன்சார்ஜ். தைக்கிறவர்களுக்கு உட்கார ஸ்டூல் உண்டு. செக்கிங் மேசையிலும் அயர்ன் மேசையிலும் நின்றுகொண்டேதான். ‘ஃப்ளோர்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்’ என்று போனை வைக்கும் பெண், மாடியைச் சொல்லவில்லை. வேலை நேரத்தில் இருக்கிறேன் என்கிறாள்.

ஜவுளிக்கடைகளில் நேர்மாறு. ‘பட்டு செகண்ட் ஃப்ளோர், ரெடிமேட் தேர்ட் ஃப்ளோர்’ என்று அங்கே ஃப்ளோர் மாடியாகவே இருக்கிறது. ஆனால் நிற்பது மட்டும் மாறவில்லை. காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை ஒரு பெண் நின்றுகொண்டே நூறு புடவை பிரித்துப் போடுகிறாள்; கால் நரம்பு முடிச்சுப் போட்டுப் புடைத்துவிடுகிறது. 2018-ல் கேரளத்திலும், 2021-ல் தமிழ்நாட்டிலும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று எழுதினார்கள். வேலைக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. செனட்டருக்கு உட்கார்ந்தால் ஃப்ளோர் போகும். இவர்களுக்கு உட்கார்ந்தால் வேலை போகும் என்ற நிலை இருந்ததால்தான் இப்படி ஒரு சட்டமே தேவைப்பட்டது. அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது அந்த மாடியில் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.

வினைச்சொல்லாக வந்தால் ஃப்ளோர் ஆளை விழ வைக்கும். குத்துச்சண்டையில் அடிக்கடி கேட்கும் தொனி அது. 1963 ஜூன் 18, லண்டன் வெம்ப்ளி மைதானம். பிற்காலத்தில் முகமது அலியான கேசியஸ் கிளேயை, நான்காவது சுற்று முடியும் தறுவாயில் ஹென்றி கூப்பர் இடதுகைக் குத்தால் ஃப்ளோர் செய்தார். கிளே எழுந்துவிட்டார், மணியும் அடித்துவிட்டது, அடுத்த சுற்றில் அவரே வென்றார். ஆனால் கூப்பரின் பெயரை இங்கிலாந்து நினைவில் வைத்திருப்பது பெரிதும் அந்த ஒரு குத்துக்காகத்தான். பேச்சில் ‘அந்தக் கேள்வி என்னை ஃப்ளோர் செய்துவிட்டது’ என்றால் வாயடைத்துப் போனேன், ஆடிப்போய்விட்டேன். ஒருவரைக் கொண்டு ‘ஃப்ளோரைத் துடைத்தார்கள்’ என்றால் மண்ணைக் கவ்வ வைத்தார்கள். இங்கே நம் மொழியும் ஆங்கிலமும் அச்சாகப் பொருந்துகின்றன. தோற்றவன் முகம் தரையைத் தொட வேண்டும் என்பதில் ஊருக்கு ஊர் மாற்றமில்லை போலிருக்கிறது. காரோட்டும்போது ‘ஃப்ளோர் இட்’ என்றால் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதி.

கணிதத்துக்கும் ஒரு வார்த்தை. ஓர் எண்ணைக் கீழே உள்ள முழு எண்ணுக்கும் மேலே உள்ள முழு எண்ணுக்கும் நகர்த்தும் இரண்டு சார்புகளுக்கு ஃப்ளோர், சீலிங் என்று பெயரிட்டு, இன்று எல்லோரும் போடும் குறிகளையும் 1962-ல் தந்தவர் கென்னத் ஐவர்சன். 29 வயதும் 11 மாதமும் ஆனவர் படிவத்தில் 29 என்று எழுதுகிறாரே, அது ஃப்ளோர். நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் இடறுவது கழித்தல் எண்ணில்: மைனஸ் 2.3-இன் ஃப்ளோர் மைனஸ் 2 இல்லை, மைனஸ் 3. பின்னத்தை வெட்டி எறிவது அல்ல, அடுத்த படி கீழே இறங்கி நிற்பது.

உடம்பிலும் ஒரு ஃப்ளோர் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து ஏந்திப் பிடிக்கும் தசைகளைப் பெல்விக் ஃப்ளோர் என்கிறார்கள் மருத்துவர்கள். தமிழில் இடுப்புத்தளத் தசைகள். பிரசவத்துக்குப் பிறகு இவை தளர்ந்து, இருமினால் தும்மினால் சிறுநீர் கசிவது எத்தனையோ பெண்களுக்கு உண்டு. வெளியே சொல்லாமல் சகித்துக்கொள்கிறார்கள். பயிற்சியால் இதைச் சரிசெய்ய நிறைய வாய்ப்பு இருக்கிறது; தயங்காமல் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேளுங்கள். ஃப்ளோருக்கு இங்கே ‘தாங்கிப் பிடிப்பது’ என்ற பொருள் வந்துவிட்டதைப் பாருங்கள். கடைசியாக நான் சொல்லவரும் பயன்பாடும் அந்த வழியில்தான்.

விலையிலும் கூலியிலும் ஃப்ளோர் என்றால் இதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை. புதுப் பங்கு வெளியீட்டில் ஒரு விலைப்பட்டை அறிவிப்பார்கள். அதன் கீழ் எல்லை ஃப்ளோர் பிரைஸ், மேல் எல்லை அதைவிட 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நெல்லுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையும் ஒருவகை ஃப்ளோர்தான். நெல் என்றதும் இன்னொன்று. ஆங்கிலத்தில் கதிரடிக்கும் களத்துக்குப் பெயர் த்ரெஷிங் ஃப்ளோர். ஃப்ளோருக்கு உறவான ஜெர்மன் சொல் ‘ஃப்ளூர்’ வீட்டு நடையையும் குறிக்கும், வயல்வெளியையும் குறிக்கும். நம் ‘களம்’ இதற்கு மிக நெருங்கி வருகிறது: நெற்களம், போர்க்களம், ஆடுகளம், அரசியல் களம். தரை என்று எழுதினால் காணாமல் போகும் ஆள், களம் என்று எழுதினால் திரும்பி வந்துவிடுகிறார். ‘களத்தில் இறங்கினார்’ என்று நாம் சொல்லும்போது அவர் நிற்பது தெரிகிறது.

கூலிக்கு மட்டும் களம் பொருந்தாது. அங்கே வேண்டியது தாங்கிப் பிடிக்கும் பொருள். இந்திய அரசு 1996-ல் தேசிய அளவில் ஒரு குறைந்தபட்சக் கூலி அடிமட்டத்தை அறிவித்தது, நாளொன்றுக்கு 35 ரூபாய். அவ்வப்போது ஏற்றி, 2017 ஜூனில் 176 ரூபாய் ஆக்கினார்கள். பெயரில் ஃப்ளோர் இருந்தாலும் அதற்குச் சட்ட வலு இருந்ததில்லை. அது மாநிலங்களுக்கு ஒரு பரிந்துரை மட்டும். கீழே விழுகிறவரைப் பிடிக்காததை ஃப்ளோர் என்று அழைத்தது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பின் 9-ஆவது பிரிவுதான் அந்தச் சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தொழிலாளியின் குறைந்தபட்ச வாழ்க்கைத் தரத்தைக் கணக்கில் எடுத்து ஒன்றிய அரசு ஃப்ளோர் வேஜை நிர்ணயிக்க வேண்டும். பகுதிக்குப் பகுதி அது வேறுபடலாம். மாநிலங்கள் நிர்ணயிக்கும் குறைந்தபட்ச ஊதியம் இதற்குக் கீழே போகக் கூடாது. ஏற்கெனவே கூடுதலாக நிர்ணயித்திருக்கும் மாநிலம், ஃப்ளோரைக் காரணம் காட்டி அதைக் குறைக்கவும் கூடாது.

இந்தத் தொகுப்பின்படி ஊதிய விவரங்களை ஒவ்வொரு நிறுவனமும் நோட்டீஸ் போர்டில் ஒட்டியாக வேண்டும். அதைத் தமிழில் எழுதித்தரும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃப்ளோர் வேஜை ‘குறைந்தபட்ச ஊதியம்’ என்று எழுதிவிடாதீர்கள். குறைந்தபட்ச ஊதியம் தொழிலுக்குத் தொழில் மாநிலம் நிர்ணயிப்பது. ஃப்ளோர் அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. இரண்டையும் ஒன்றாக்கினால், மாநிலத்தின் கூடுதல் தொகை கிடைக்க வேண்டிய தொழிலாளி, கீழே இருக்கும் சின்னத் தொகைதான் தனக்கு உரியது என்று நினைத்துக்கொள்வார். நான் ‘அடித்தள ஊதியம்’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘இதற்குக் கீழே எந்த மாநிலமும் நிர்ணயிக்க முடியாது, உங்கள் தொழிலுக்கான ஊதியம் கீழே உள்ள பட்டியலில்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.